சத்தமில்லாமல் எடுத்துக்கொடுத்த வரி

எனிட் சட்க்ளிஃப் கடவுளை நம்புவதை இருபத்து மூன்றாம் வயதில் விட்டுவிட்டாள். அம்மாவின் பைபிளை மட்டும் விடவில்லை. தாள்களை மடங்காமல் வைத்திருக்க அந்த வீட்டில் அதைவிடக் கனமான புத்தகம் கிடையாது. அதற்குள் ஏழு தபால் அட்டைகள் இருந்தன. ஏழும் லண்டனிலிருந்து வந்தவை. ஏழின் அடியிலும் லயனல் ஆஷ்கம் என்ற நாடகாசிரியரின் சாய்வான கையெழுத்து. யாருக்காவது காட்டும்போது முகவரி எழுதிய பக்கத்தில் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வாள். அங்கே "திரு. ஈ. சட்க்ளிஃப்" என்றிருந்தது. "ஈ" என்ற ஆங்கில முதலெழுத்து எனிட் என்ற பெண்ணாக இருக்கக்கூடும் என்று நாடகாசிரியருக்குத் தோன்றவில்லை. அவளும் திருத்தவில்லை.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. இங்கிலாந்தின் வடக்கே, ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மேலே, பள்ளத்தாக்கில் இருந்த கம்பளி ஆலையில் துணி செப்பனிடுகிற வேலை. தறியிலிருந்து இறங்கிய துணியைச் சாய்வு மேசையில் விரித்து, விரல் நுனியால் தடவிக்கொண்டே போக வேண்டும். முடிச்சு தட்டினால் எடுக்க வேண்டும், இழை விட்டிருந்தால் ஊசியால் இழுத்துக் கோக்க வேண்டும். எங்கே தைத்தோம் என்று பிறகு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அது வேலையே அல்ல.

பதினோரு வயதில் உபகாரச் சம்பளப் பரீட்சையில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே முதலாவதாக வந்தவள் அவள். பெரிய பள்ளிக்கூடத்துச் சீருடை வாங்க அப்பாவிடம் வழியில்லை. பதினாலு வயதில் ஆலைக்கு அனுப்பினார்கள். ஒரு கோட்டும் ஒரு தொப்பியும் இல்லாததால் ஒரு மூளையை மூட்டை கட்டி வைத்த தேசம் அது; அதற்காக அங்கே யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

எனிட் விட்டுவிடவில்லை. தொழிலாளர் கல்விச் சங்கத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் தத்துவ வகுப்பு. மற்ற மாலைகளில் ஊர் நாடகக் குழு. மேடையில் ஏற மாட்டாள். திரைக்குப் பக்கவாட்டில், சின்ன விளக்கின் கீழே முக்காலியில் உட்கார்ந்து, பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, மறந்தவர்களுக்கு வரி எடுத்துக்கொடுப்பாள். பதினோரு வருஷமாக அவள் குரலை அந்த மண்டபத்தில் ஒரு ரசிகர்கூடக் கேட்டதில்லை. காரணம் இருந்தது. அவள் அம்மா தறிக்காரி. தறிச் சத்தத்தில் காது செத்துப்போகும். அதனால் தறிப் பெண்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். குழுவில் நடித்தவர்கள் எல்லாரும் ஆலைக் குடும்பத்துப் பிள்ளைகள். எனிட் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தால் போதும், மேடையின் மறுகோடியில் நிற்பவனும் படித்துவிடுவான்.

ஆஷ்கமின் முதல் நாடகம் அந்தக் குழுவுக்கு வந்தபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்களைச் சேர்த்துவைக்கிற அறையில், இரண்டு குமாஸ்தாக்கள் ஒரு குடையை நடுவில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். சொந்தக்காரனே மறந்துபோன குடை இன்னும் அவனுடையதா? "மறதியே துறவு" என்று மூத்த குமாஸ்தா முடிக்கிறான். கைதட்டல். எனிட் வீட்டுக்குப் போய் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாள்: "எங்கள் ஆலை முதலாளி தன் துணியில் பாதியை ஒருநாளும் பார்த்ததில்லை, இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் அதில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு வெளியே போய்ப் பாருங்கள். உடைமை என்பது ஞாபகம் அல்ல ஐயா. அது போலீஸ்காரன்."

பத்து நாளில் பதில் வந்தது: "அன்புள்ள திரு. சட்க்ளிஃப், உங்கள் போலீஸ்காரர் என் இரண்டாம் காட்சியைக் கைது செய்துவிட்டார். நன்றி."

அன்றைக்கு எனிட் டீ குடிக்க மறந்தாள். அதற்குப் பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு நாடகத்துக்கும் அவளுடைய கடிதம் போயிற்று. புயல் வரும் என்று சரியாகச் சொன்ன வானிலைக்காரனை, புயலுக்குக் காரணம் நீயே என்று கூண்டில் ஏற்றுகிற நாடகத்துக்கு எட்டுப் பக்கம். அட்டை வராமல் இருந்ததில்லை. நாலு வரி, ஐந்து வரி.

"என்ன எனிட், உன் லண்டன் மாப்பிள்ளை எழுதினானா?" என்பாள் எதிர் மேசை டோரீன்.

"உன் புருஷன் உனக்கு எழுதினதைவிட அதிகமா எழுதியிருக்கார்."

"எம் புருஷனுக்கு எழுதத் தெரியாதுடீ கண்ணு. அதனாலதான் பொழைச்சேன்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், 1976இன் தொடக்கத்தில், ஃபிலிப்பா கார்த்யூ வந்தாள்.

புது டாக்டரின் மனைவி. நாற்பது வயது இருக்கும். தெற்கிலிருந்து வந்தவள், கேம்பிரிட்ஜில் தத்துவமே படித்தவள். குழுவில் சேர்ந்த அன்றே எல்லாருக்கும் எலுமிச்சை கேக் கொண்டுவந்தாள். குழுவை நடத்தியவர் கசாப்புக்கடை வில்ஃப் டைசன். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு அடுத்த நாடகத்தின் கதாநாயகி அவள்தான் என்று முடிவு செய்தார். அது ஆஷ்கமின் புது நாடகம், "பதக்கம்".

தேநீர் இடைவேளையில் ஃபிலிப்பா சாதாரணமாகச் சொன்னாள்: "லயனல்கிட்ட இத பத்திக் கேட்டிருந்தேன். நாலு பக்கம் எழுதியிருக்கார், பாவம். எங்க அண்ணனோட ஒண்ணாப் படிச்சவர். நாடகம் பாக்க வர்றேன்னுகூடச் சொல்லியிருக்கார்."

"யாரு, ஆஷ்கமா? இங்கயா?" வில்ஃப் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு. ஆறரை ரயிலப் பிடிக்கணுமாம். எனிட், உங்களுக்கும் அவர் எழுதுவாராமே, டோரீன் சொன்னாங்க. எத்தன பக்கம் எழுதுவார் உங்களுக்கு?"

கேள்வியில் விஷம் இல்லை. இருந்திருந்தால் எனிட்டால் தாங்கியிருக்க முடியும். "அளவாத்தான் எழுதுவார்," என்றாள். பைபிளிலிருந்து எடுத்துக் கைப்பையில் கொண்டுவந்திருந்த ஏழாவது அட்டை திடீரென்று ரொம்பச் சின்னதாகிப் போனது. நாலு பக்கம். லயனல். பெயரைச் சொல்லி அழைக்கிறாள். தான் எட்டுப் பக்கம் எழுதி நாலு வரி வாங்கிய இடத்தில், இவள் ஒரு கேள்வி கேட்டு நாலு பக்கம் வாங்கியிருக்கிறாள்.

பொறாமை கெட்ட குணம் என்று பள்ளியிலும் தேவாலயத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பசித்தவனைப் பந்தியோரம் நிறுத்தி வாயூறாதே என்று சொல்கிற நீதி அது. ஆனாலும் வாயூறுகிறவனுக்குத்தான் வலிக்கிறது, பரிமாறுகிறவனுக்கு வலிப்பதில்லை. எனிட்டுக்கு வலித்தது. ஃபிலிப்பாவின் காலணி, கேக், சிரிப்பு எல்லாமே வலித்தன. மேசையில் துணியைத் தடவும்போதுகூட விரல் முடிச்சைத் தாண்டிப் போனது.

"ரெண்டு தடவ திரும்ப அனுப்பிட்டாங்க ஒன் துணிய," என்றாள் டோரீன். "முப்பது வருஷத்துல நடக்காதது. அந்த டாக்டர் பொண்டாட்டி உன்னை என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணல. அதுதான்."

ஒத்திகையில் இன்னொரு சங்கடம். ஃபிலிப்பாவுக்கு உதடு படிக்கத் தெரியாது. அவள் மறந்தால் எனிட் வாய் திறந்து கிசுகிசுக்க வேண்டும். அது முதல் நான்கு வரிசைக்குக் கேட்கும். வரி மறந்தால் பக்கத்து நாற்காலி முதுகில் கை வைக்க வேண்டும் என்பது வில்ஃப் வைத்த விதி. வேண்டுமென்றே விடுகிற மௌனம் எது, மறதி எது என்று முக்காலியில் இருப்பவளுக்குத் தெரிய அதுதான் வழி. மௌனத்தின் நடுவில் வரி எடுத்துக்கொடுப்பதைவிடப் பெரிய பாவம் அந்தக் குழுவில் இல்லை.

"எனிட், எனக்கும் அந்த உதட்டுப் பேச்சக் கத்துக்குடுங்களேன்," என்று ஒருநாள் கேட்டாள் ஃபிலிப்பா. "மத்தவங்க எல்லாருக்கும் சத்தமில்லாம குடுக்கறீங்க. எனக்கு மட்டும் ஊருக்கே கேக்குது."

"அதுக்குப் பதினாலு வயசுல தறிக்குப் போகணும், மிஸஸ் கார்த்யூ."

ஃபிலிப்பா சிவந்துபோனாள். எனிட்டுக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

"பதக்கம்" நாடகத்தின் கதை இதுதான். ரயில் பாதையில் கைகாட்டி போடுகிற ஒருவன். அவன் மனைவிமேல் கண் வைத்த எஞ்சின் ஓட்டுநர் ஒருவன். வருகிற ரயிலைத் தாமதப்படுத்தி ஓட்டுநருக்கு அபராதம் வாங்கித் தரவேண்டும் என்ற வன்மத்தில், கைகாட்டிக்காரன் சிவப்பை இறக்காமல் பத்து நிமிடம் வைத்திருக்கிறான். அந்தப் பத்து நிமிடத்தில் மலை சரிந்து பாதையை மூடுகிறது. நாற்பது பேர் பிழைக்கிறார்கள். ஊர் அவனுக்குப் பதக்கம் கொடுக்கிறது. உண்மை தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். "இவர் இதைப் போட்டுக்கொள்ளலாமா அம்மா?" என்று மேயர் விளையாட்டாகக் கேட்கிறார். அவள் சொல்ல வேண்டிய வரியில் நாடகம் நிற்கிறது: "போட்டுக்கட்டும். ஆனா கண்ணாடி முன்னாடி நின்னு போட்டுக்கட்டும்."

அச்சில் படித்ததுமே எனிட் எழுதியிருந்தாள்: "கண்ணாடி போதாது. கெட்ட எண்ணத்தில் செய்த நல்லதற்கு நன்றி சொல்லலாம், பதக்கம் தரக் கூடாது. நேர்மையானவன் என்றால் அவனே திருப்பிக் கொடுக்க வேண்டும்." அதற்குத்தான் ஏழாவது அட்டை வந்தது: "நீங்கள் என்னைவிடக் கண்டிப்பானவர், ஐயா."

சனிக்கிழமை வந்தது. மூன்றாவது வரிசை நடுவில், பழுப்புக் கோட்டும் கசங்கிய கழுத்துத் துணியுமாக ஆஷ்கம் உட்கார்ந்திருந்தார். எனிட் திரை இடுக்கு வழியாகப் பார்த்தாள். நினைத்ததைவிடக் குள்ளம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் ஃபிலிப்பாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்ததையும் பார்த்தாள். ஆட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது அருகே போய், நான்தான் சட்க்ளிஃப் என்று சொல்ல வேண்டும். ஆறு வாரமாக அவள் ஒத்திகை பார்த்தது அந்த ஒரு வரியைத்தான்.

முதல் இரண்டு அங்கமும் பிசிறில்லாமல் போயின. ஃபிலிப்பா நன்றாக நடித்தாள். அதை ஒப்புக்கொள்வது எனிட்டுக்குப் பல் பிடுங்குவதுபோல இருந்தது.

கடைசிக் காட்சி. மேயர் கேட்டார்: "இவர் இதப் போட்டுக்கலாமா அம்மா?"

பிரதியில் "சிறு மௌனம்" என்றிருந்தது. எனிட் பென்சிலால் இரண்டு என்று குறித்திருந்தாள், இரண்டு வினாடி. இரண்டு ஆயிற்று. மூன்று. ஃபிலிப்பாவின் கை மெல்ல நகர்ந்து நாற்காலி முதுகில் பதிந்தது.

மறந்துவிட்டாள்.

எனிட்டின் விரல் வரியின் மேல் இருந்தது. வாய் திறந்தாள். ஆனால் சத்தம் வரவில்லை. வராமல் அவள் பார்த்துக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன, தெளிவாக, நிதானமாக, தறிக்கூடத்தில் செவிட்டுக் கிழவிக்குச் சொல்வதுபோல: போட்டுக்கட்டும். போட்டுக்கட்டும். மேயர் வேடக்காரன் பார்த்தான். எதிர்ப்பக்கத்தில் நின்ற வில்ஃப் பார்த்தார். எனிட் கடமையைச் செய்கிறாள் என்பதற்கு இரண்டு சாட்சி. அவர்கள் எல்லாரும் படிக்கிற பாஷையில் அவள் வரியைக் கொடுத்துவிட்டாள். ஒருத்தியால் மட்டும் அதை வாங்கிக்கொள்ள முடியாது. லயனலுக்கு முன்னால் நில்லு, கேம்பிரிட்ஜ்காரி. நில்லு.

ஏழு. எட்டு. நூற்று அறுபது பேர் மூச்சு விடவில்லை.  ஃபிலிப்பாவின் கண்ணில் நீர் கட்டிற்று. ஒன்பது. அவள் தலையைத் திருப்பினாள். மேடைப் புருஷனையோ மேயரையோ பார்க்காமல், நேராகத் திரை ஓரத்து இருட்டில் இருந்த எனிட்டைப் பார்த்தாள். பதினொன்று.

"போட்டுக்கட்டும்," என்றாள். குரல் உடைந்தது. "ஆனா கண்ணாடி முன்னாடி நின்னு போட்டுக்கட்டும்."

திரை விழுந்தது. பிறகு கைதட்டல் கூரையை இடித்தது.

பின்னறையில் தேநீரும் பன்றி இறைச்சி ரொட்டியும். ஆஷ்கம் நேராக ஃபிலிப்பாவிடம் வந்தார். "அந்த மௌனம், ஃபில். லண்டன்ல நாலு மாசம் ஓடிச்சு. ஒருத்தி அத செய்யல. அடுத்த பதிப்புல சிறு மௌனத்த அடிச்சுட்டு நீண்ட மௌனம்னு போடப் போறேன்."

எனிட் தட்டோடு நின்றாள். தான் தோண்டிய குழியில் ஃபிலிப்பா விழவில்லை; ஏறி நின்று இன்னும் உயரமாகிவிட்டாள்.

"நான் ஒண்ணும் செய்யல லயனல்," என்றாள் ஃபிலிப்பா. "மறந்துட்டேன். வரி எனிட் குடுத்தது."

"பதினொரு வினாடி கழிச்சா?"

வில்ஃப் ரொட்டியை விழுங்கிவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "உடனே குடுத்துட்டா சார். நானே பாத்தேன். உதட்டாலயே குடுப்பா. பதினோரு வருஷமா ஒரு தப்பு கிடையாது."

ஆஷ்கம் எனிட்டின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்தது உண்மையான மரியாதை. ஆறு வருஷமாக அவள் ஆசைப்பட்டது. "அப்ப சத்தம் போடாம காப்பாத்தின அந்த மௌனம் உங்களோடதுதான் அம்மா. அற்புதமான காரியம் பண்ணினீங்க."

தலையை ஆட்டினால் போதும். எல்லாம் கிடைத்துவிடும். யாருக்கும் தெரியாது. எங்கே தைத்தோம் என்று தெரியாதபடி தைப்பதுதானே அவள் தொழில். எனிட் தட்டை மேசைமேல் வைத்தாள்.

"அற்புதம் இல்ல சார். வயித்தெரிச்சல். இவங்களுக்கு உதடு படிக்க வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சத்தம் போடாம குடுத்தேன். உங்க முன்னாடி அவமானப்படட்டும்னு."

 வில்ஃப் டீ அண்டாவைப் பார்த்தார்.

ஆஷ்கம் மெதுவாகச் சொன்னார்: "அப்ப நீங்கதான் கைகாட்டிக்காரன்."

"ஆமா. பதக்கத்தத் திருப்பிக் குடுக்கணும்னு உங்களுக்கு முன்னாடியே எழுதியிருக்கேன். நான்தான் ஈ. சட்க்ளிஃப். எனிட்."

அவர் அவளைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல்களைப் பார்த்தார். "சட்க்ளிஃப். நான் யாரோ ஓய்வுபெற்ற வாத்தியார்னு... ஆறு வருஷமா திருன்னு போட்டுக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அம்மா."

"ஆலையில துணி செப்பனிடற பொம்பளன்னு சொல்லியிருந்தா பதில் போட்டிருப்பீங்களா?"

ஆஷ்கம் வாயைத் திறந்தார். போட்டிருப்பேன் என்று சொல்ல நினைத்திருக்கலாம். ஆனால் அவரும் ஒரு வகையில் நேர்மையானவர். பொய்யான வரி நாக்கில் வந்து நின்றதும் அதை விழுங்கிவிட்டார். மூன்று, நாலு, ஐந்து. எனிட் பழக்கத்தால் எண்ணினாள். வரி எடுத்துக்கொடுக்க அங்கே யாரும் இல்லை. கடைசியில் வில்ஃப்தான், "சார், உங்க ரயில்," என்றார்.

ஆஷ்கம் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டு, திரும்பி வந்து எனிட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். 

திங்கட்கிழமை மாலை எனிட் மண்டபத்துக்கு வந்தாள். பிரதிகள் மாவட்ட நூலகத்தில் இரவல் வாங்கியவை. பென்சில் குறிகளை எல்லாம் ரப்பரால் அழித்துத்தான் திருப்பித் தரவேண்டும். முக்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தாள்.

ஃபிலிப்பா உள்ளே வந்தாள். இன்னொரு ரப்பர் எடுத்துக்கொண்டு, கேட்காமலே எதிரில் உட்கார்ந்தாள்.

"என்மேல கோவமே வரலயா உங்களுக்கு?" என்றாள் எனிட் தலை நிமிராமல்.

"வந்துது. சனிக்கெழம ராத்திரி எங்க வீட்டுக்காரர் பாவம். ஆனா நீங்க ஒண்ணு தப்பா சொல்லிட்டீங்க. எனக்குப் படிக்க வராதுன்னு சொன்னீங்களே."

"என்ன?"

"அந்த வரிய நான் ஞாபகம் வந்து சொல்லல. உங்க உதட்டுலேருந்து படிச்சேன். அஞ்சு வாரமா டோரீன்கிட்ட கத்துக்கறேன். வெள்ளிக்கிழமை தோறும், ஒரு பாட்டில் ஷெர்ரி ஒயினுக்கு. நீங்க அவ்வளவு நிதானமா சொல்லலேன்னா பிடிபட்டிருக்காது."

எனிட்டின் கை நின்றது. டோரீன். தினமும் எதிர் மேசையில் உட்கார்ந்து மாப்பிள்ளை எழுதினானா என்று கேட்கிறவள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா கொடுத்ததில் மிச்சம் இருந்தது அந்த ஒரு பாஷைதான். பணமும் பட்டமும் உள்ளவர்கள் வர முடியாத ஓர் அறை என்று அதை நினைத்திருந்தாள். அதற்கும் இந்த ஃபிலிப்பா சாவி வாங்கிவிட்டாள், ஒரு பாட்டில் ஷெர்ரிக்கு. அடிவயிற்றில் சனிக்கிழமை அணைந்ததாக நினைத்த நெருப்பு சாவகாசமாக மறுபடி பற்றிக்கொண்டது. அதற்கு மேல் இந்தப் பெருந்தன்மை வேறு.

கடைசிப் பக்கம் வந்தது. "சிறு மௌனம்" பக்கத்தில் அவள் எழுதிய இரண்டு. எனிட் அதை அழித்தாள். அழித்த இடத்தில் பென்சிலால் "பதினொன்று. காரணம் பொறாமை" என்று எழுதிப் புத்தகத்தை மூடினாள். அடுத்து எந்த ஊர்க் குழு இரவல் வாங்குகிறதோ, அவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

ஃபிலிப்பா கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவருகில் நின்று, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். வியாழக்கிழமை ஒத்திகையில் பார்ப்போம் என்றது உதடு. ஆனால் தெற்கத்திக்காரர்களின் பாதி வாயில் சொன்னதால் 'தர்ஸ்டே' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி தேய்ந்து குழைந்து வேறென்னவோ ஆயிற்று.

எனிட் சும்மா இருக்கத்தான் நினைத்தாள். ஆனால் முப்பத்தேழு வருஷமாகப் பிசிறைத் தாண்டிப் போகத் தெரியாத விரல்கள். கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். வாயை அகலத் திறந்து, நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் காட்டி, அந்தச் சொல்லை எரிச்சலோடு சத்தமில்லாமல் திருத்தினாள்.